டிரெய்லரின் அடியில் ஒரு துருக்கோடு: சேசிஸ் விரிசலைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

எங்கள் டிராவல் டிரெய்லரில், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டியில், முதலில் மக்கர் செய்தது கதவுதான். மூடும்போது மேல் மூலையில் உரசியது. கீல் தளர்ந்திருக்கும் என்று முடுக்கினேன், கொண்டியை இடம் மாற்றிப் பொருத்தினேன், எண்ணெய் விட்டேன். அடுத்த பயணம் முடிந்து வந்தால் பழையபடி உரசல். வேறு எதற்கோ அடியில் படுத்தபோதுதான் கண்ணில் பட்டது: ஸ்பிரிங்கைத் தாங்கும் ஹேங்கருக்குச் சற்று மேலே, கறுப்பு பெயின்ட்டில் தலைமுடி கனத்தில் ஒரு பழுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினேன். பெயின்ட் உதிர்ந்தது, கோடு அப்படியே இருந்தது.

பக்கத்தில் இருந்த ஒரு பட்டறையில் பற்றவைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த வருடம் முடிவதற்குள், பற்றவைத்த இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளிப் புது விரிசல். வெல்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அது ஏன் வந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இரண்டாவது முறை செய்த வேலையைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். தேடுவது, அளப்பது, காரணத்தைக் கண்டுபிடிப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் புதியவர்களும் செய்யலாம். பற்றவைப்பதை மட்டும் சேசிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) வேலையில் அனுபவமுள்ள, தகுதிச் சான்று பெற்ற வெல்டரிடம் விடுங்கள். கேட்டும் கிரில்லும் பற்றவைத்துப் பழகிய கை இதற்குப் போதாது.

விரிசல் எங்கே வரும், ஏன் வரும்?

பெரும்பாலான டிரெய்லர்களின் அடியில் முன்னிருந்து பின்வரை இரண்டு நீளமான இரும்பு பீம்கள் ஓடும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, இரண்டையும் இணைக்கும் மெல்லிய நடுத்தகடு. இதைத்தான் ஐ-பீம் என்கிறார்கள். முன்பக்கம் ஏ வடிவத்தில் கூம்பி, இழுக்கும் வண்டியோடு சேரும் கப்ளரில் முடியும். கீழ்ப்பட்டையில் ஹேங்கர்கள் பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஸ்பிரிங் பட்டைகளும், அவற்றோடு ஆக்சிலும் தொங்கும்.

இரும்பு பெரும்பாலும் ஒரே குலுக்கலில் பிளப்பதில்லை. ஒரே இடம் ஆயிரக்கணக்கான முறை கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து நிமிரும்போது, வெல்டிங்கின் ஓரத்திலோ துளையின் விளிம்பிலோ நுண்ணிய பிளவு பிறந்து வளர்கிறது. அதனால்தான் புது வண்டியில் ஒன்றும் தெரியாது, சில வருடம் கழித்துத் தெரியும்.

இரட்டை ஆக்சில் வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். காலி மைதானத்தில் வேறொருவரை மிக மெதுவாக, இறுக்கமாகத் திருப்பச் சொல்லிவிட்டு, பாதுகாப்பான தூரத்தில் நின்று சக்கரங்களைக் கவனியுங்கள். முன் சக்கரம் ஒரு பக்கமும் பின் சக்கரம் எதிர்ப்பக்கமும் சாய்வது கண்ணுக்கே தெரியும். இரண்டு ஆக்சிலும் ஒரே வளைவில் உருள முடியாது. டயர்கள் தரையில் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே திரும்புகின்றன. அந்த இழுப்பு ஸ்பிரிங் வழியாக ஹேங்கருக்கு வருகிறது. ஹேங்கரோ பீமுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் நெம்புகோல். அது கீழ்ப்பட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்க, மேலே இருக்கும் மெல்லிய நடுத்தகடு வளைந்து கொடுக்கிறது. என் வண்டியில் கோடு தெரிந்தது சரியாக அந்த இடத்தில்தான்.

அடுத்ததாக, ஏ வடிவப் பகுதி பிரதான பீமோடும் முதல் குறுக்குச் சட்டத்தோடும் சேரும் மூலைகள். பள்ளத்தில் இறங்கும்போது மொத்த வண்டியும் அங்கேதான் மடங்கப் பார்க்கும். பின்பக்க பம்பரில் சைக்கிள் ஸ்டாண்டு மாட்டியிருந்தால் அதன் வெல்டிங்குகளையும் விட்டுவிடாதீர்கள்.

படி 1: அடியில் போகும் முன்

சமமான, கெட்டியான தரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை போடுங்கள். பீமுக்கு அடியில், ஆக்சிலுக்கு அருகே, எடைக்கு ஏற்ற ஜாக் ஸ்டாண்டுகளை வையுங்கள். எங்கே முட்டுக் கொடுக்கலாம் என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். ஆக்சில் குழாயில் ஜாக்கி வைக்கக் கூடாது என்று சில தயாரிப்பாளர்கள் தெளிவாகவே சொல்கிறார்கள். நான்கு மூலைகளிலும் தொங்கும் ஸ்டெபிலைசர் ஜாக்கிகள் ஆட்டத்தைக் குறைக்கத்தான், வண்டியைத் தூக்க அல்ல. ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் போகாதீர்கள்.

படி 2: கழுவுங்கள், அப்புறம் பாருங்கள்

சேறு படிந்த சேசிஸில் விரிசல் தேடுவது வீண் வேலை. சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். அடியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகடு சந்தேக இடத்தை மறைத்தால், அந்தப் பகுதியின் திருகுகளைக் கழற்றி இறக்குங்கள்.

டார்ச்சை நேராக அடிக்காமல், இரும்பின் மேல் படுக்கவைத்தது போலச் சாய்த்து அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத பிளவு, சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு ஹேங்கரின் வெல்டிங்கையும் முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் என்று மூன்று கோணத்தில் பாருங்கள். அவசரத்தில் உள்பக்கத்தை விட்டுவிடுவோம். விரிசல் அங்கே இருக்கும்.

பரவலாகப் பூத்த துரு அவ்வளவு கவலைக்குரியது அல்ல. சுத்தமான பெயின்ட்டின் நடுவே ஒற்றைக் கோடாக ஓடும் துரு கவலைக்குரியது. பிளவின் இரண்டு முகங்களும் ஒன்றோடு ஒன்று உரசுவதால் வெளிவரும் பொடி அது. வண்டியின் மேல்பகுதியும் துப்புக் கொடுக்கும்: உரசும் கதவு, ஜன்னல் மூலையில் கிழிந்த சீலன்ட், ஒரு டயர் மட்டும் ஒரு ஓரத்தில் தேய்வது.

படி 3: விரிசல்தானா என்று உறுதிசெய்ய

கீறலா விரிசலா என்ற சந்தேகத்துக்கு டை பெனட்ரன்ட் என்ற மூன்று ஸ்பிரே டப்பாக்கள் உதவும்: கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர். முதலில் அந்த இடத்தில் பெயின்ட்டை நீக்க வேண்டும். பெயின்ட் நீக்கும் ரசாயனம் நல்லது. கிரைண்டரை அழுத்தித் தேய்த்தால் இரும்பு இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும்.

கிளீனர் அடித்துத் துடைத்துக் காய்ந்ததும் சிவப்புச் சாயம். டப்பாவில் போட்டிருக்கும் நேரம், பொதுவாகப் பத்து நிமிடமாவது, பொறுத்திருங்கள். பிறகு துணியில் கிளீனரை நனைத்து மேலே உள்ள சாயத்தை மட்டும் துடையுங்கள். நேரடியாக இரும்பின் மேல் கிளீனரை அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும்; நான் முதல்முறை அதைத்தான் செய்தேன். கடைசியில் டெவலப்பரை மெல்லிய படலமாக அடியுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு மெல்ல ஊறி வரும். நான் 4 செ.மீ. என்று நினைத்திருந்தது கிட்டத்தட்ட 7 செ.மீ. நீளம் ஓடியது.

படி 4: குறித்துவைத்து, முடிவெடுங்கள்

கோட்டின் இரண்டு முனைகளையும் பெயின்ட் மார்க்கரால் குறித்து, தேதி எழுதி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். வாரன்டி இருந்தால் இதற்கு மேல் எதையும் தொடாமல் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். நீங்களாகப் பற்றவைத்துவிட்டால் கோரிக்கையை மறுக்க அதுவே காரணமாகலாம்.

கப்ளரில் விரிசலா? பற்றவைக்க வேண்டாம், மாற்றுங்கள். ஆக்சில் குழாயிலா? அதுவும் அப்படியே. பீமின் கீழ்ப்பட்டை அறுந்திருந்தாலோ, பீமே வளைந்திருந்தாலோ, சுத்தியலால் தட்டும்போது துரு செதில் செதிலாக உதிர்ந்து இரும்பு மெலிந்திருந்தாலோ, சேசிஸ் பட்டறை நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதுவரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வெல்டரை வண்டி இருக்கும் இடத்துக்கு வரவழையுங்கள். நடுத்தகட்டிலும் ஹேங்கர் வெல்டிங்கிலும் வரும் சிறு விரிசல்கள் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை.

படி 5: நெருப்பு வேலைக்கு முன்

இந்தப் படியில் யாரும் அவசரப்படக் கூடாது. பீமுக்கு நேர் மேலே மரத் தரை, ஃபோம், வயர்கள், சில வண்டிகளில் கேஸ் குழாயும் இருக்கும். கேஸ் சிலிண்டர்களை மூடிக் கழற்றித் தூரமாக வையுங்கள். பேட்டரி இணைப்பு, வெளி மின்சாரம், சோலார் எல்லாவற்றையும் துண்டியுங்கள். இழுக்கும் வண்டியோடு இணைக்கும் வயர் பிளக்கும் கழன்றிருக்க வேண்டும். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப், பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகில், சுத்தமான இரும்பில் மாட்டப்பட வேண்டும். தள்ளி மாட்டினால் கரன்ட் வீல் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கலாம்.

எண்ணெய்ப் பிசுக்கை நீக்க, குளோரின் கலந்த பிரேக் கிளீனரை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். பற்றவைக்கும் சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்தும் ஒரு மணி நேரமாவது ஒருவர் அங்கேயே இருந்து கவனிக்க வேண்டும்.

அப்புறம், பீமுக்குச் சரியான முட்டுக் கொடுத்து விரிசலின் வாய் மூடும்படி நிமிர்த்திய பிறகே பற்றவைக்க வேண்டும். தொங்கிய நிலையில் பற்றவைத்தால் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும், கதவு உரசிக்கொண்டே இருக்கும்.

படி 6: பற்றவைப்பு

நீங்கள் செய்யாவிட்டாலும், சரியாக நடக்கிறதா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் விரிசலின் முனையில் 3 முதல் 6 மி.மீ. துளை போடுவார்கள். கண்ணுக்குத் தெரியும் முனைக்குச் சற்றுத் தள்ளிப் போட வேண்டும், ஏனென்றால் உண்மையான முனை கொஞ்சம் முன்னே ஓடியிருக்கும். கூர்மையான முனை வட்டமாகிவிடுவதால் விரிசல் மேலே ஓடாமல் தடைபடும். துளை மட்டும் போட்டுவிட்டு வண்டியை ஓட்டுவது பழுதுபார்ப்பு ஆகாது.

பிறகு விரிசலை அதன் முழு ஆழத்துக்கும் வி வடிவத்தில் கிரைண்டரால் திறந்து, இரண்டு பக்கமும் 25 மி.மீ. அளவுக்கு இரும்பு பளபளக்கும்வரை சுத்தம் செய்வார்கள். உங்கள் வெல்டர் இதைச் செய்யாமல், பெயின்ட்டின் மேலேயே கோடு இழுக்கப் போனால், நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

சாதாரண மைல்ட் ஸ்டீல் பீமுக்கு 7018 வகை வெல்டிங் ராடு நன்றாக ஒத்துவரும், ஈரம் படாமல் வைத்திருந்ததாக இருக்க வேண்டும். திறந்தவெளியில் மிக் வெல்டிங் என்றால் காற்று அதன் காப்பு வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும். மறைப்புக் கட்டச் சொல்லுங்கள். அலுமினிய சேசிஸ் என்றால் இதெல்லாம் பொருந்தாது, அதற்கென்றே பழகியவர் வேண்டும்.

பெரும்பாலும் மேலே ஒரு வலுத்தகடும் வைப்பார்கள். கனமான தகடு நல்லது என்று தோன்றும், ஆனால் என் முதல் பழுது தோற்றது அதில்தான். பீமை விட மிகத் தடிமனான சதுரத் தகட்டை வைத்தால், வளைவு முழுவதும் அதன் ஓரத்தில் குவிந்து அங்கே புது விரிசல் வரும். பீமின் தடிமனை ஒட்டிய தகடு, முனைகள் சாய்வாகக் கூம்பி, மூலைகள் உருட்டப்பட்டு இருந்தால் நல்லது. பற்றவைப்பு பீமின் நீளவாக்கில் ஓட வேண்டும். கீழ்ப்பட்டைக்குக் குறுக்கே வெல்டிங் இழுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆறியதும் துத்தநாக பிரைமர், அதன் மேல் பெயின்ட். என்ன நிறம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 7: காரணத்தைச் சரிசெய்யுங்கள்

முதல்முறை நான் தவறவிட்ட படி இது. பயணத்துக்குக் கிளம்புவது போலவே தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றி எடைமேடையில் நிறுத்துங்கள். மொத்த எடையும் ஆக்சில் எடையும் வண்டியின் தகட்டில் எழுதியிருக்கும் வரம்புக்குள் இருக்கின்றனவா? கப்ளரில் விழும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் என்பது இத்தகைய வண்டிகளுக்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 3,000 கிலோ வண்டிக்கு 300 முதல் 450 கிலோ. கப்ளரில் விழும் எடையை மற்ற ஆக்சில்களுக்கும் பகிரும் எடைபகிர்வு ஹிட்ச் என்ற இணைப்பு இருந்தால், அதன் கம்பிகள் உங்கள் எடைக்கு மீறிய விறைப்புள்ளவையா என்றும் பாருங்கள். அவை ஏ வடிவப் பகுதியை ஓயாமல் வளைத்துக்கொண்டிருக்கும்.

ஸ்பிரிங் பட்டைகளைத் தொங்கவிடும் ஷேக்கிள் இணைப்புகளின் போல்ட்டுகளையும், அந்தப் போல்ட்டுகளைச் சுற்றியிருக்கும் உறைகளான புஷ்களையும் கழற்றிப் பார்த்தால் கதை புரியும். என் வண்டியில் பிளாஸ்டிக் புஷ் காகிதமாகத் தேய்ந்து, போல்ட் துளை முட்டை வடிவமாகியிருந்தது. கிரீஸ் அடிக்கக்கூடிய போல்ட்டும் வெண்கலப் புஷ்ஷும் போட்டேன். இடது, வலது ஹேங்கர்களை இணைத்து ஒரு குறுக்குக் கம்பியும் பொருத்தினோம். திருப்பங்களில் ஹேங்கர் பக்கவாட்டில் ஆடுவதை அது தடுக்கிறது.

ஹேங்கரில் கை வைத்திருந்தால் ஆக்சிலையும் அளந்துவிடுங்கள். கப்ளரின் மையத்திலிருந்து முன் ஆக்சிலின் இரண்டு முனைகளுக்கும் டேப் பிடியுங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஆக்சில் கோணலாக நிற்கிறது என்று அர்த்தம்.

படி 8: திரும்பப் பார்ப்பது

சக்கரங்களைக் கழற்றியிருந்தால் 15, 40, 80 கி.மீ. ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) சரிபாருங்கள். பழுதுபார்த்த இடத்தை 100 கி.மீ.யில் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கும் முன்னும் பின்னும் பார்த்தால் போதும். பழைய படங்களைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

நிறம் என்றேனே, அது வெளிர் சாம்பல். மற்ற இடமெல்லாம் கறுப்பு, பற்றவைத்த இடமும் அதைச் சுற்றி ஒரு சாணும் மட்டும் வெளிர் சாம்பல். துருக்கோடு ஒன்று கிளம்பினால் அதில் உடனே தெரியும். அடியை மூடும் பிளாஸ்டிக் தகட்டிலும் அந்த இடத்துக்கு நேராக, கழற்றி மாட்டும் ஒரு சின்ன மூடி வைத்திருக்கிறேன். இரண்டு திருகைக் கழற்றி டார்ச்சை நீட்டினால் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.