கடிபட்ட கோழிக்கு வைத்தியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் (பழைய ஆட்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஒரு பக்கம் சிலாங்கூர் ஆறு, மற்ற பக்கமெல்லாம் செம்பனை. வீட்டுக்குப் பின்னால் நாலைந்து கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) வைத்திருப்பவர்களுக்கு உடும்பு, மூசாங் (மரநாய்), மலைப்பாம்பு, தெருநாய் எல்லாமே பழகிப்போன தொல்லை. சத்தம் கேட்டு நாம் ஓடிப்போய், கோழி எப்படியோ உயிரோடு கையில் கிடைத்துவிட்டால், அடுத்த ஒரு மணி நேரம் ரொம்ப முக்கியம். கோழியின் தோல் ஆறுவதில் கெட்டி. முதுகுத் தோல் கிழிந்து தொங்கிய கோழிகூட சில வாரத்தில் தோல் மூடி, இறகு முளைத்து மறுபடி மண்ணைக் கிளறும். அதனால் காயத்தின் அகலத்தைப் பார்த்து மிரளாதீர்கள். பயப்பட வேண்டியவை அதிர்ச்சி, கண்ணில் படாத பல்குத்து, புழு.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, எடுத்த எடுப்பிலேயே வைத்தியத்தில் இறங்குவது. வீட்டில் உள்ள அத்தனை பேரும் சுற்றி நிற்பார்கள். ஒருவர் பிடிப்பார், ஒருவர் குழாயைத் திறந்து ரத்தத்தைக் கழுவுவார். கோழியின் உடல் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அதிர்ச்சியில் இருக்கும் கோழி அந்தச் சூட்டைக் காப்பாற்ற முடியாமல் திணறும். கொண்டை வெளுத்துவிடும், காலைத் தொட்டால் சில்லென்று இருக்கும். அந்த நேரத்தில் முழுக்க நனைத்தால் நம் ஊர் வெயிலிலும் அது குளிர்ந்து போய்விடும்.

ரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் அதை மட்டும் உடனே நிறுத்துங்கள். சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. பிறகு மளிகைக் கடை அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய துணி விரித்து, கோழியை வைத்து, காற்று போக இடம் விட்டு மேலே மூடி, ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் வையுங்கள். மினரல் பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றித் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் வைத்தால் போதும். சூடு அதிகமானால் கோழி நகர்ந்துகொள்ள மறு ஓரம் வேண்டும். வாயைத் திறந்து மூச்சிரைத்தால் பாட்டிலை எடுத்துவிடுங்கள். சிலர் பல்பு மாட்டுகிறார்கள், சரி, ஆனால் இப்போது வீட்டில் இருப்பதெல்லாம் எல்இடி. அது வெளிச்சம்தான் தரும். பெட்டியைச் சூடாக்காது, இருட்டையும் கெடுக்கும்.

தண்ணீர் புகட்டுவதில் நடக்கும் தவறு உயிரையே எடுத்துவிடும். கோழியின் மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. அலகைப் பிளந்து குளுக்கோஸ் தண்ணீரையோ கஞ்சியையோ ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போகலாம். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். குடிக்கவில்லை என்றால் விரலை நனைத்து அலகின் பக்கவாட்டில் ஒரு சொட்டு தொட்டு வையுங்கள், தானே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. முதல் நாளுக்கு அது போதும். தீனியைத் திணிக்க வேண்டாம். அதிர்ச்சியில் தீனிப்பை சரியாக இறங்காது. தேறியதும் ஊறவைத்த தீவனமோ வேகவைத்த முட்டையோ கொடுக்கலாம்.

இன்னொன்று, கோழியை நெஞ்சோடு இறுக்கிப் பிடிக்காதீர்கள். நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் அதற்கு இல்லை. நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சே விட முடியும். உடம்பைச் சுற்றி இறுக்கமாகக் கட்டுப் போடுவதும் இதே காரணத்துக்காக ஆகாது.

கோழி கொஞ்சம் அமைதியான பிறகுதான் காயத்தைத் தேட வேண்டும். இங்கேதான் நிதானம் தேவை. வெளியே பெரிதாகத் தெரியும் கிழிசலைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதான்" என்று விட்டுவிடுகிறோம். நாயோ மூசாங்கோ கவ்வினால் பல் இரண்டு பக்கமும் இறங்கியிருக்கும். ஒரு பக்கம் ஓட்டை இருந்தால் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். இறகின் போக்குக்கு எதிராக ஊதினால் தோல் தெரியும். பல்குத்து பெரும்பாலும் மிளகளவு கறுப்புப் புள்ளிதான். அதைச் சுற்றி இரண்டு மூன்று இறகு ஒட்டிக்கொண்டு விறைப்பாக நிற்கும், தோல் நீலம் பாரித்திருக்கும். இறக்கைக்கு அடியில், தொடை இடுக்கில், வாலுக்குக் கீழே, பிடரியில் எல்லாம் தடவிப் பாருங்கள். காயத்தைச் சுற்றியுள்ள இறகைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். பிடுங்கினால் தோலும் சேர்ந்து கிழியும். ஆனால் புதிதாக முளைத்து வரும் கருநீலக் குருத்திறகை நறுக்கக் கூடாது. அதில் ரத்தம் ஓடும்.

அடுத்தது மருந்து. பக்கத்து வீட்டு அத்தை அன்போடு மஞ்சள் டப்பாவைக் கொண்டு வருவார். சமையல் மஞ்சள்தூளையும் சாம்பலையும் காப்பித்தூளையும் ஆழமான காயத்தில் அப்பினால், கசிய வேண்டிய நீர் உள்ளேயே அடைபட்டுச் சீழ் கட்டும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். கோடாலித் தைலம், மினியாக் காயு பூத்தே போன்றவற்றின் நெடியே பறவைகளின் மூச்சுக்கு ஆகாது. ஸ்பிரிட்டும் தண்ணீர் கலக்காத டெட்டாலும் ஆறத் தொடங்கும் சதையைச் சுட்டுவிடும். பார்மசியில் கிடைக்கும் சலைன் பாட்டிலே நல்லது. இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு. ஊசி இல்லாத சிரிஞ்சால் மெதுவாகப் பீய்ச்சி அழுக்கு போகும்வரை கழுவுங்கள். பிறகு போவிடோன் அயோடினைத் தண்ணீரில், கடுங்காப்பியாக இல்லாமல் லேசான தேயிலைத் தண்ணீர் நிறத்துக்குக் கலந்து தொடலாம். நெஞ்சுப் பக்கத்துக் காயத்தில் குமிழி வந்தால் கழுவுவதை அங்கேயே நிறுத்துங்கள். அது மூச்சுக்காற்று நிரம்பும் காற்றுப்பை வரை போன காயமாக இருக்கலாம். தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது.

பல்குத்தை ஊசிநூல் போட்டோ பசை போட்டோ மூடுவதும் தவறு, கிருமியை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரி. பூனை கவ்வியிருந்தால் காயம் எவ்வளவு சிறிதானாலும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். பூனை வாயிலிருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடக் கூடியது. வீட்டில் மிச்சமிருக்கும் மனித ஆன்டிபயாட்டிக்கை உடைத்துப் போடாதீர்கள். எந்த மருந்து, எத்தனை நாள், எத்தனை நாளைக்கு முட்டையையும் இறைச்சியையும் சாப்பிடக் கூடாது என்பதெல்லாம் மருத்துவர் சொல்ல வேண்டியவை. டவுனில் பல கிளினிக்குகள் பூனை நாய் மட்டுமே பார்க்கும். போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள், அல்லது மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் விசாரியுங்கள். குடல் வெளியே வந்திருந்தால், இரண்டு காலும் செயலற்றுக் கிடந்தால், நாட்கணக்கில் வைத்துப் பார்ப்பது கோழிக்குச் செய்யும் கொடுமை. வேதனையைச் சீக்கிரம் முடித்துவைப்பதுதான் இரக்கம் என்பது என் கருத்து.

நம் வெக்கையில் ஈ பெரிய எதிரி. காலையில் சுத்தமாக இருந்த காயத்தில் மறுநாளே புழு நெளியலாம். காயத்தின் ஓரத்திலும் இறகின் அடியிலும் நொய்யரிசி போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது ஈ முட்டை. அப்போதே இடுக்கியால் எடுத்துவிடுங்கள். பெட்டியைக் கொசுவலையால் மூடி வையுங்கள், எச்சத் துணியை நாளுக்கு இரண்டு தடவை மாற்றுங்கள், காலையும் மாலையும் காயத்தைப் பாருங்கள். கெட்ட வாடை வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். பச்சைநிறம் என்றதும் எல்லாமே சீழ் அல்ல: கோழிக்கு அடிபட்டு ரத்தம் கட்டிய இடம் இரண்டு மூன்று நாளில் இயல்பாகவே பச்சையாக மாறும். பச்சையோடு வாடையோ வீக்கமோ சேர்ந்து வந்தால்தான் கவலை.

கொஞ்சம் நடக்கத் தொடங்கியதுமே கூட்டத்தில் விட்டுவிடுவது அடுத்த தவறு. சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தும், கொத்திக் கொத்திக் குழியாக்கிவிடும். தோல் முழுக்க மூடும்வரை தனியே வையுங்கள். கடைசிச் சில நாள் அதன் கூண்டை மற்றவற்றின் கண்ணில் படும் இடத்தில் வைத்துப் பழக்கிவிட்டு அப்புறம் சேருங்கள். முட்டை சில வாரம் நின்றுபோகலாம், அதற்காக அதை விரட்ட வேண்டாம்.

இதற்கிடையில் மற்றக் கோழிகளை அதே கூண்டில் அதே இரவு விட்டுவிடாதீர்கள். ருசி கண்டது திரும்பி வரும். அறுகோண ஓட்டைக் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தத்தான் உதவும். நாய் அதைக் கிழித்துவிடும், பாம்புக்குட்டி நுழைந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலை போட்டு, உடும்பு தோண்டாமலிருக்க அடியில் ஓரடி வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் புதையுங்கள். கோபத்தில் விஷம் வைத்தால் அதைத் தின்பது அண்டை வீட்டு நாயாகவும் இருக்கலாம், தோட்டத்தில் எலி பிடிக்கும் ஆந்தையாகவும் இருக்கலாம். உடும்பும் மலைப்பாம்பும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. உரிமம் இல்லாமல் கொல்வது குற்றம். கூண்டுக்குள் பாம்பு சுருண்டு கிடந்தால் நீங்களே கம்பெடுக்காமல் 999க்கு அழைத்துச் சொல்லுங்கள், பிடிக்கத் தெரிந்த ஆட்கள் வருவார்கள்.