யாழ்ப்பாணத்தில் நிச்சயதார்த்தப் படப்பிடிப்பு: ஒரு விடியல், ஒரு பின்னேரம்

ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஜூன் மாதத்து மாலைகளில் படமெடுத்துப் பழகியவர்கள் யாழ்ப்பாணத்தில் முதலில் ஏமாறுவது வெளிச்சத்தில்தான். அங்கே சூரியன் சரிந்து சரிந்து இறங்கும். மஞ்சள் வெயில் நெடுநேரம் நிற்கும். இங்கே அது கிட்டத்தட்ட நேராக ஏறி, நேராக விழும். உதித்து ஒன்றரை மணி நேரத்தில் வெயில் முகத்தைச் சுருங்க வைக்கும். மறைந்து இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். ஆகஸ்ட் நடுவில் சூரிய உதயம் 6.05 அளவில், மறைவு 6.25 அளவில். டிசம்பர் கடைசியில் உதயம் 6.25, மறைவு 6.00. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அந்த வெயிலில் எடுத்த படத்தில் கண்குழி கறுத்து, மூக்கின் நிழல் உதட்டில் விழும். எந்தக் கமெராவாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அதனால் "ஒரு நாள் முழுக்கப் படப்பிடிப்பு" என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். ஆகஸ்ட் கணக்கில் உங்களுக்குக் கிடைப்பது காலையில் 6 முதல் 7.45 வரை, பின்னேரம் 4.45 முதல் 6.40 வரை. ஒவ்வொன்றிலும் ஓர் இடம், கூடினால் இரண்டு உடுப்பு. சேலை மாற்றவும் தலையைச் சரிசெய்யவும் 25 நிமிடம் போகும் என்பதை வைத்தே இந்தக் கணக்கு. கோட்டை, நல்லூர், கசூரினா, பண்ணை என்று நான்கு இடத்தை ஒரே நாளில் அடைக்கப் பார்த்தால் நல்ல வெளிச்சம் முழுவதும் வாகனத்துக்குள் இருக்கும்போதே போய்விடும்.

எந்த நாளில் எடுப்பது

ஊருக்கு வந்து இறங்கிய முதல் மூன்று நாளும் வேண்டாம். ரொறன்ரோவிலிருந்து வந்தால் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்கால நேரக் கணக்கில் பத்தரை. கண் வீங்கியே இருக்கும். ஏழு நாளுக்கு மேல் தள்ளிப்போடுவதும் நல்லதல்ல. அதற்குள் வெயிலில் கழுத்தும் கையும் இரண்டு நிறமாகிவிடும், நுளம்புக் கடியும் சேர்ந்துவிடும். நான்காம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் ஒரு நாளைக் குறித்து, அதற்கு அடுத்த நாளை மாற்று நாளாக வெறுமையாக விடுங்கள். நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் மட்டும் வைக்காதீர்கள். வீட்டில் வேலை மலையாகக் கிடக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே என்று ஆள் தேடும்.

மழை பெரும்பாலும் ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த மாதங்களில் வருபவர்களுக்கு மாற்று நாள் கட்டாயம். ஜனவரி, பெப்ரவரிதான் எல்லாவற்றிலும் சிறந்தது: மழை விட்டு, தோட்டமெல்லாம் பச்சையாக, காற்றும் மிதமாக இருக்கும். பள்ளி விடுமுறைக்கு ஜூலை, ஆகஸ்டில் வருபவர்கள் காய்ந்த புல்லையும் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நல்ல படப்பிடிப்பாளர்கள் முகூர்த்த நாட்களில் கலியாண வீடுகளில் நிற்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் குறைவு, அதனால் ஆள் கிடைப்பது சுலபம். வெளிநாட்டு விடுமுறையும் அந்த மாதங்களோடு ஒத்துப்போவது உங்கள் அதிர்ஷ்டம். ஆவணி பிறந்துவிட்டால் மாதக்கணக்கில் முன்பே பதிய வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் படப்பிடிப்பை யோசிக்கவே வேண்டாம். மே 18, நவம்பர் 27 ஆகிய நாட்களில் போரில் இறந்தவர்களை நினைத்து ஊர் துக்கத்தில் இருக்கும். அன்று பூவும் பட்டுமாகத் தெருவில் நின்று படமெடுப்பது பார்ப்பவர் மனதை நோகடிக்கும்.

இடங்கள்

பண்ணைப் பாலத்து வீதிதான் பின்னேரத்துக்கு முதல் தெரிவு. இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல்நீரேரி, மீனவர் நட்டு வைத்த தடிகள், மேற்கே திறந்த வானம். ஆனால் சோளகக் காலத்தில் அங்கே ஒரு சிக்கல் உண்டு. காற்று தென்மேற்கிலிருந்து வரும். சூரியன் மறைவதும் மேற்கில். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்கும்போது காற்றும் பின்னாலிருந்தே அடிக்கும். தலைமுடி முழுவதும் முகத்துக்கு வரும். முந்தானை எழும்பித் தோளைச் சுற்றும். நூறு படத்தில் நான்குதான் தேறும். இருவரும் காற்றுக்கு முகம் கொடுத்துப் பக்கவாட்டில் நிற்க, படப்பிடிப்பாளர் வீதியோரமாக வடக்கே போய் நின்று எடுத்தால் முடி பின்னால் பறக்கும், சேலையும் உடம்போடு படிந்து நிற்கும். முந்தானையைத் தோளில் இரண்டு ஊசி, இடுப்பில் ஒன்று என்று குத்திவிடுங்கள். பின்புறம் சூரியன் இருக்கும் படங்களில் உருவக்கோடு மட்டுமே தெரியும் என்பதால் கனத்த சரிகைச் சேலையை அங்கே கொண்டுபோய் வீணாக்க வேண்டாம். வாகனங்கள் வேகமாகப் போகும் வீதி அது. வீதியைப் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள்.

கோட்டை ஐந்து மூலை கொண்டது. போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி விரித்துக் கட்டியது. முருகைக்கல் சுவர் என்பதால் சாம்பல் கலந்த வெள்ளை நிறம். கடும் நீலம், கடுகு மஞ்சள், கரும்பச்சை எல்லாம் அதில் எடுப்பாகத் தெரியும். கொத்தளத்தின் மேல் தடுப்புக் கம்பி இல்லாத விளிம்புகள் உண்டு, கல்லும் கழன்றிருக்கும். குதிக்கால் உயர்ந்த செருப்போடு ஏறக்கூடாது. பையில் தட்டைச் செருப்பு ஒன்று இருக்கட்டும். சேலைக்குக் கீழே அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

பொது நூலகத்தின் வெள்ளைக் கட்டடம் அழகுதான். 1981இல் எரிந்து, மீண்டும் எழுந்த இடம் அது. வெளியே முற்றத்தில், வாசிக்க வருபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், மாநகர சபையிடம் கேட்டுவிட்டு எடுங்கள். உள்ளே வேண்டாம். அருகே முற்றவெளியில் 1974 தமிழாராய்ச்சி மாநாட்டில் உயிர்நீத்தவர்களின் நினைவுச்சின்னம் இருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு தூணாக மட்டும் தெரியலாம். அதைப் பின்னணியாக வைக்காதீர்கள். நல்லூரில் உள்ள மந்திரி மனை பழுதடைந்த பழைய கட்டடம். எட்ட நின்றே பார்க்கலாம்.

காலை நேரத்துக்குக் கோட்டையைவிட வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களைத்தான் பரிந்துரைப்போம். உரும்பிராய், கோப்பாய், இணுவில் பக்கம் வெங்காயப் பாத்திகள், வாழை, வரம்பில் பனை. உலகத்தில் வேறெங்கும் போய் எடுக்க முடியாத படம் அது. தோட்டக்காரரிடம் முதல் நாளே போய்க் கதையுங்கள். ஊர் உறவினர் ஒருவர் கூட வந்து, "ஐயா, எங்கட பிள்ளையள் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கினம், நாளைக்கு விடிய ஒரு மணித்தியாலம் படமெடுக்கலாமோ" என்று கேட்டால் மறுப்பவர் அரிது. பாத்திக்குள் கால் வைக்காமல் வரம்பில் மட்டும் நில்லுங்கள். இறைப்பு நடக்கும் நாளா என்றும் கேளுங்கள். நனைந்த செம்மண் சறுக்கும், பட்டுக் கரையிலும் ஏறும். ஏறிவிட்டால் தண்ணீர் தொடாமல் நன்றாகக் காயவிட்டு மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஈரத்தில் தேய்த்தால் கறை நூலுக்குள் இறங்கிவிடும். அரக்கு, செங்கல் நிறச் சேலைகள் அந்த மண்ணோடு கரைந்துபோகும்.

கசூரினா கடற்கரைக்கு நகரத்திலிருந்து 45 நிமிடம் வையுங்கள். ஞாயிறும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளும் சனம் நிறைந்திருக்கும். நெடுந்தீவுக்குப் போவதென்றால் குறிகட்டுவான் வரை வாகனம், பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகு. நல்ல வெளிச்சத்தில் அங்கே நிற்க அதற்கு முந்திய இரவு தீவில் தங்க வேண்டும். உடுப்பும் அலங்காரமும் தூக்கிக்கொண்டு போய்த் திரும்புவது பெரிய பாடு. மனம் அதில்தான் என்றால் போங்கள், ஆனால் அதை அந்த வரவின் ஒரே படப்பிடிப்பாக வையுங்கள்.

அனுமதி

கைத்தொலைபேசியில் இரண்டு படம் எடுப்பவரை யாரும் கேட்பதில்லை. விளக்கு, தாங்கி, உடுப்பு மாற்றம் என்று போனால் நிலைமை வேறு. கோட்டை தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது. படப்பிடிப்புக்கு முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உள்ளூர் ஸ்ரூடியோக்காரர் இதைச் செய்து தருவார். போயா நாளில் அலுவலகம் பூட்டியிருக்கும். தொல்பொருள் சின்னங்களின் மேல் ஏறுவதை இலங்கையில் கடுமையாகப் பார்க்கிறார்கள்: 2019இல் ஹொரவப்பொத்தானைப் பகுதியில் ஒரு தாதுகோபத்தின் மேல் நின்று படமெடுத்த பல்கலைக்கழக மாணவர்கள் கைதானார்கள். இராணுவ முகாம், சோதனைச் சாவடி எதுவும் பின்னணியில் விழக்கூடாது.

ட்ரோனைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். பாதுகாப்பு அமைச்சின் ஒப்புதலும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதியும் இல்லாமல் வந்தால் விமான நிலையத்திலேயே மறித்து வைப்பார்கள். வானத்திலிருந்து படம் வேண்டுமென்றால் அனுமதி வைத்திருக்கும் உள்ளூர்க்காரரைப் பிடித்து, அந்தக் கடிதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து படப்பிடிப்பாளரைக் கூலிக்கு அழைத்து வருவதாயின் சுற்றுலா விசா அதற்குப் போதாது.

உடுப்பும் அலங்காரமும்

காலைப் படப்பிடிப்புக்கு அலங்காரம் 3.30க்குத் தொடங்க வேண்டும். 5.30க்கு வெளிக்கிட்டால்தான் உதயத்துக்கு நிற்கலாம். அலங்காரம் செய்பவரிடம் இதை முதலே சொல்லி, அந்நேரத்துக்கு அவர் வந்துபோக வாகனமும் ஒழுங்கு செய்யுங்கள். காலையில் கனமான சேலையை முதலில் உடுத்துங்கள், பின்னேரம் அதைக் கடைசிக்கு விடுங்கள். இரண்டு முறையும் வெக்கை குறைந்த நேரம் அதற்குக் கிடைக்கும். வியர்வையைத் துடைக்கக்கூடாது. மெல்லிய கடதாசியால் ஒற்ற வேண்டும். கூறைச் சேலையைத் தொடவே வேண்டாம், அது கலியாணத்துக்கு உரியது.

பிளவுஸை ஊரில் தைப்பதென்றால் அளவை முன்பே அனுப்பி, வந்த அடுத்த நாளே போட்டுப் பாருங்கள். பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களை வாடகைக்கு எடுப்பவர்கள் உண்டு. படத்துக்கு மிக அழகு. அதில் பயணம் செய்யாமல், காரை நேராக இடத்துக்கு வரச் சொல்லிவிட்டு நீங்கள் குளிரூட்டிய வாகனத்தில் போங்கள்.

அந்தக் குளிர்தான் அடுத்த வில்லங்கம். குளிர்ந்த வாகனத்திலிருந்து கமெராவை எடுத்து வெளியே வைத்த உடனே வில்லை முழுவதும் ஆவி படியும். துடைத்தால் திரும்பப் படியும். அது தானாகப் போக 15, 20 நிமிடம் எடுக்கும். உதயத்தின் நல்ல பாதி அதிலேயே கழிந்துவிடும். இடத்துக்குச் சேர 15 நிமிடம் இருக்கும்போதே குளிரூட்டியை நிறுத்தி யன்னல்களைத் திறந்துவிடச் சொல்லுங்கள். தொலைபேசிக் கமெராவுக்கும் இதே கதைதான்.

நிச்சயம் மட்டும் ஆன சோடி என்பதால் தம்பியோ மச்சாளோ ஒருவர் கூடவே இருப்பது நல்லது. கண்ணாடி பிடிக்க, பை தூக்க, வழிப்போக்கருக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். பொது இடத்தில் கை கோத்து நிற்பது வரைக்கும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அதற்கு மேற்பட்ட நெருக்கப் படங்களை உறவினர் வீட்டு முற்றத்திலோ நாற்சார் வீட்டுத் திண்ணையிலோ எடுங்கள். வெளிச்சமும் அங்கே மென்மையாக விழும்.

ஸ்ரூடியோவோடு பேச வேண்டியது

அவர்கள் காட்டும் பொறுக்கிய பத்துப் படத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஒரு சோடிக்கு எடுத்த முழுத் தொகுப்பையும் கேட்டுப் பாருங்கள். முற்பணம் எவ்வளவு, மழை வந்தால் மாற்று நாளுக்கு மேலதிகக் காசு உண்டா, திருத்திய படங்கள் எத்தனை, எந்தத் தேதிக்குள், உண்மையில் கமெராவோடு வருபவர் யார் என்பவற்றை வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லுங்கள்: நிறத்தை வெளுக்க வேண்டாம். கேட்காமலே முகத்தை இரண்டு மடங்கு வெள்ளையாக்கித் தரும் வழக்கம் இருக்கிறது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாக வந்த பிறகு திரும்பச் செய்விப்பது கடினம். இருவரின் உண்மையான நிறத்தோடு திருத்திய மாதிரிப் படம் ஒன்றை முதல் நாளே வாங்கி, "இதுபோலத்தான் எல்லாமும்" என்று உறுதி செய்யுங்கள்.

விமானம் ஏறுவதற்கு முன்னர் திருத்தாத மூலப் படங்கள் முழுவதையும் ஒரு வன்தட்டில் பிரதி எடுத்து, கைப்பையில் வையுங்கள். இணையத்தில் ஏற்றி அனுப்புகிறோம் என்றால் சரி என்று வந்துவிடாதீர்கள். அத்தனை கோப்பும் வந்து சேர மாதங்கள் ஆகலாம். வன்தட்டைக் கணினியில் போட்டு, ஸ்ரூடியோவிலேயே இருந்து நாலைந்து படத்தைத் திறந்து பார்த்துவிட்டு மிச்சக் காசைக் கொடுங்கள்.