இயற்பியல் வகுப்பில் இடம் காலியாகக் கிடந்தால் என்ன செய்வது?

திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு அரசுக் கல்லூரியில் நீங்கள் புதிதாகத் துறைத் தலைவர் ஆகியிருக்கிறீர்கள், அல்லது சேர்க்கைக் குழுவில் பெயர் போட்டுவிட்டார்கள் என்றால் இது உங்களுக்காகத்தான். பி.காம்., கணினி அறிவியல் துறைக்காரர்கள் படிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு சீட் கேட்டு சிபாரிசுக் கடிதத்தோடு ஆள் வரும். எங்களைப் போல இயற்பியல், கணிதம் எடுக்கிறவர்களுக்குத்தான் ஜூலை வந்தால் வயிற்றைக் கலக்கும். குடியாத்தம் பக்கத்தில் பல வருடமாக இயற்பியல் வாத்தியாராக இருக்கிறேன். பார்த்த வரையில் சொல்கிறேன்: நம்மிடம் படிக்க விரும்புகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். விண்ணப்பம் போட்ட நாளுக்கும் முதல் வகுப்புக்கும் நடுவில்தான் அவர்களைத் தொலைக்கிறோம்.

அதனால் பேனர் அடிக்கிற காசை மிச்சம் பிடியுங்கள்.

முதலில் யார் வர முடியும் என்று பாருங்கள். பி.எஸ்சி. இயற்பியலுக்கு பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எந்தெந்த அரசுப் பள்ளிகளில் அந்த குரூப் இருக்கிறது, அதில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதினால், உங்கள் துறைக்கு வரக்கூடிய மொத்தப் பிள்ளைகளும் அந்தத் தாளுக்குள் அடங்கிவிடுவார்கள். அந்தப் பள்ளிகளுக்கு ஜனவரியிலேயே போய்விடுங்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு, அப்போது யார் காதிலும் எதுவும் ஏறாது. போகும்போது பேச்சாளரைக் கூட்டிப் போகாமல், அதே பள்ளியில் படித்து இப்போது உங்களிடம் இரண்டாம் ஆண்டில் இருக்கும் மாணவியைக் கூட்டிப் போங்கள். நீங்கள் ஒரு மணி நேரம் பேசுவதை விட, "அக்கா, பஸ் எத்தனை மணிக்கு?" என்று ஒரு பெண் அவளிடம் கேட்பதில்தான் சேர்க்கை நடக்கிறது.

"இதைப் படிச்சா என்ன சார் வேலை?" என்ற கேள்வி நிச்சயம் வரும். "பி.எட். முடித்தால் வாத்தியார்" என்று மட்டும் சொன்னால் பையன் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கோ ஓசூருக்கோ போய்விடுவான், அவனைக் குறை சொல்ல முடியாது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரியில் மருத்துவ இயற்பியலாளர் இருந்தாக வேண்டும். அந்த மேற்படிப்புக்கு வாசல் பி.எஸ்சி. இயற்பியல். வேலூர் சி.எம்.சி. மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் விடுவது பாவம்.

அடுத்தது மே மாதம். பிளஸ் டூ முடிவு வரும், அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பமும் திறக்கும். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான். இதற்கு பிரவுசிங் சென்டரில் இருநூறு முந்நூறு கொடுத்துவிட்டு வருகிறார்கள். போதாக்குறைக்கு சென்டர்காரர் தன் கைபேசி எண்ணையே போட்டு விடுவார். அப்புறம் கலந்தாய்வுக்கு அழைக்கும் குறுஞ்செய்தி யாருக்குப் போகும்? அவருக்குத்தான். கல்லூரிக் கணினி ஆய்வகத்தைத் திறந்து வைத்து, உங்கள் மாணவர்களையே உட்கார வைத்து விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். ஒரே ஒரு விதி: வீட்டிலேயே இருக்கிற போனின் எண்ணைத்தான் போட வேண்டும். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தால் அவர் எண் வேண்டாம். ஓ.டி.பி. வரும்போது அவர் சாரத்தின் மேல் நிற்பார்.

இப்போது இனிஷியல். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் எனக்குத் தெரிந்து அதிகம் பேரை அலைய விடுவது இதுதான். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயரே முழுதாக இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே பையன். கணினிக்கு மூன்று பேர். கல்லூரியில் சேர்ந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் யு.எம்.ஐ.எஸ். எண் (கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசின் இணையப் பதிவு எண்) வேண்டும், கிரெடிட் வங்கிக் கணக்குக்கு (பணத்துக்கு இல்லை, தேறிய பாடங்களின் கிரெடிட் மதிப்பைச் சேர்த்து வைக்கும் இணையக் கணக்கு) 12 இலக்க எண் வேண்டும், உதவித்தொகை விழ ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். இதில் எங்கே பெயர் இடித்தாலும் பணம் நின்றுவிடும். ஆகவே சேர்க்கை நாளில் மூன்று ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் இருக்கிறபடியே ஆதாரைத் திருத்தச் சொல்லி அன்றைக்கே அனுப்புங்கள். டிசம்பரில் கண்டுபிடித்தால் அந்த வருடப் பணம் கைக்கு வர நாளாகும், சில நேரம் வராமலே போகும்.

அந்தப் பணம் சின்ன விஷயம் இல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022ல் வந்த புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கு 2024ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. நம் ஊரில் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: வீட்டில் யாராவது பீடி சுற்றுகிறார்களா, பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா? குடியாத்தம், பேரணாம்பட்டில் பாதி வீடுகளில் "ஆமாம்" என்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர், வேலைவாய்ப்பு அமைச்சகத்தின் கல்வி உதவி தனியாக உண்டு, தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விவரம் தெரியாமலே மூன்று வருடம் படித்து முடித்துப் போகிறவர்கள் நிறைய.

ஜவ்வாது மலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு சாதிச் சான்றிதழ்தான் சிக்கல். எஸ்.டி. சான்றிதழ் தாசில்தார் மட்டத்தில் முடியாது, கோட்டாட்சியர் தர வேண்டும், நாளாகும். ஆகவே ஜனவரியில் பள்ளிக்குப் போகும்போதே அதை நினைவுபடுத்துங்கள்.

இன்னொரு கூட்டத்தை எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஒரு பாடத்தில் தவறி, துணைத் தேர்வு எழுதித் தேறியவர்கள். அவர்கள் கைக்கு மதிப்பெண் பட்டியல் வரும்போது முதல் கலந்தாய்வு முடிந்து, வகுப்பும் தொடங்கியிருக்கும். ஆனால் நம் துறையில் இடம் இருக்கும். அந்தப் பெயர்களைத் தலைமை ஆசிரியர்களிடம் முன்பே வாங்கி வைத்துக்கொண்டு நீங்களே கூப்பிடுங்கள். "ஃபெயில் ஆன பசங்க" என்று ஸ்டாஃப் ரூமில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

சரி, வெளி நிறுவனங்களோடு கல்லூரி போடும் ஒப்பந்தங்களுக்கு, அதாவது எம்.ஓ.யூ.க்களுக்கு வருவோம். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீடு வருகிறது என்றால் கல்லூரியில் எம்.ஓ.யூ. மழை பெய்யும். கையெழுத்து, சால்வை, போட்டோ, அதோடு ஃபைல் பீரோவுக்குள் போகும். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் ஒரு வேலை நடக்கட்டும், ஒப்பந்தம் பிறகு எழுதிக்கொள்ளலாம். ராணிப்பேட்டையில் இருக்கும் மத்திய அரசு நிறுவனமான பெல் (BHEL) ஆலையில் மின்னிலைப் படிவிப்பான் செய்கிறார்கள்: அனல் மின் நிலையப் புகையில் இருக்கும் சாம்பல் துகளுக்கு மின்னூட்டம் ஏற்றி, தகட்டில் ஒட்ட வைத்துப் பிடிக்கும் கருவி. நாம் முதலாம் ஆண்டில் நடத்தும் நிலைமின்னியல் அங்கே இரும்பாக நிற்கிறது. அனுமதி கேட்டு ஒரு வகுப்பைக் கூட்டிப் போங்கள். அங்கே ஆர்வமாக விளக்கிய பொறியாளர் யார் என்று பார்த்து, அவரை அடுத்த மாதம் கல்லூரிக்கு அழையுங்கள். இரண்டு முறை அவர் வந்துவிட்டால் ஒப்பந்தம் எழுதலாம். அதில் எந்த மாதம், எத்தனை மாணவர், இரண்டு பக்கமும் யார் பொறுப்பு என்பது இருக்க வேண்டும். "கல்வி வளர்ச்சிக்கு ஒத்துழைத்தல்" போன்ற வரிகளை அடித்துவிடுங்கள்.

காவலூரும் நமக்குப் பக்கம்தான். அங்கே இருக்கிற வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986ல் பயன்பாட்டுக்கு வந்தது. 1977ல் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தபோது அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கிக்கும் அதில் பங்கு உண்டு. முன் அனுமதி வாங்கி ஒரு முறை கூட்டிப் போனால் போதும், அந்த வருடம் பள்ளிகளில் பேச உங்களுக்குப் பேச்சாளரே தேவைப்படாது. சேர்க்காட்டில் இருக்கிற நம் பல்கலைக்கழகத்தையும் விட்டுவிடாதீர்கள். கேள்வித்தாளும் மதிப்பெண் பட்டியலும் வருகிற இடம் என்றே அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் கூட்டிப்போய் முதுகலை ஆய்வகங்களைக் காட்டச் சொல்லுங்கள்.

இணையவழிப் பாடங்களில் அளவோடு இருங்கள். ஒரு பட்டத்தின் கிரெடிட்டில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் வழியாகப் பெற பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அனுமதிக்கிறது. அதற்காகப் பட்டியலை நீட்டாதீர்கள். பருவத்துக்கு ஒரு பாடம், அதுவும் குறுகியதாக எடுத்து, மதியம் ஆய்வகத்தில் எல்லோரும் சேர்ந்து பார்க்கட்டும். ஆங்கில உரையை நடுநடுவே நிறுத்தி நீங்கள் தமிழில் இரண்டு வரி சொன்னால் பிள்ளைகள் தங்குவார்கள், தனியாகப் போனில் பார்க்கச் சொன்னால் மாட்டார்கள். அந்தப் பாடத்தின் கிரெடிட்டைப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள், ஏனென்றால் தேர்வுக் கட்டணம் பிள்ளைகள் கைக்காசு.

ஆகஸ்ட், செப்டம்பரில் டி.சி. கேட்டுச் சிலர் வருவார்கள். உடனே கையெழுத்துப் போடாமல் காரணம் கேளுங்கள். பஸ் நேரம், ஆங்கிலத்தில் நடத்தும் பாடம் புரியாதது, வீட்டில் கல்யாணப் பேச்சு என்றால் பேசிப் பார்க்கலாம். பொறியியல் கிடைத்துவிட்டது என்றால் வாழ்த்தி அனுப்புங்கள். அசல் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு இழுத்தடிப்பதை யு.ஜி.சி. 2018லேயே தடை செய்துவிட்டது. சேர்க்கையன்றே அசலைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்து, நகலை மட்டும் ஃபைலில் வையுங்கள்.