கனசாவா லூப் பஸ்: எந்தப் பக்கம் ஏறணும், எங்க இறங்கி நடக்கணும்

ஜப்பான்ல கனசாவா ஊர் ஸ்டேஷன்ல இறங்கினா நேரா கிழக்கு வாசலுக்கு வந்துடுங்க. அங்க பெரிய மர வளைவு ஒன்னு நிக்கும், தூண் ரெண்டும் முறுக்கிக்கிட்டு உடுக்கை மாதிரி இருக்கும், அதோட பேரே த்சுசுமிமோன்தான், த்சுசுமின்னா கிட்டத்தட்ட நம்ம உடுக்கை. போட்டோ எடுங்க, ஆனா பெட்டியை முதல்ல ஸ்டேஷன் லாக்கர்ல போட்டுடுங்க, ஏன்னா இது சின்ன பஸ், பெரிய சூட்கேஸோட ஏறினா யாரும் திட்ட மாட்டாங்க, நமக்குத்தான் கூசும்.

லூப் பஸ் ரெண்டு இருக்கு, ரைட் லூப், லெஃப்ட் லூப். ஒரே வட்டம்தான், எதிரெதிரா சுத்துது. முக்காவாசி பேர் சொதப்புறது இங்கதான். ஒரு ஸ்டாப் தாண்டிப் போயிட்டா அதே பஸ்ல உக்காந்தா ஊர் முழுக்க சுத்தித்தான் திரும்பணும், அதனால இறங்கி ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஏறுங்க. கம்பத்துல ஆர்எல்லா எல்எல்லான்னு பாத்துட்டு நில்லுங்க, ஒரே பேர்ல நாலு கம்பம் இருக்கும்.

பின் கதவுல ஏறி முன் கதவுல இறங்கணும், காசு இறங்கும்போதுதான். சில்லறை வச்சுக்கங்க, டோக்கியோல வாங்கின ரயில்-பஸ் கார்டை நம்பி ஏறாதீங்க. நாள் பாஸ் 800 யென், ஒரு தடவை போக 200க்கு கொஞ்சம் மேல, அப்போ நாலு தடவையாவது ஏறினாத்தான் கட்டுப்படி ஆகும். உண்மையச் சொன்னா நிறைய பேருக்கு ஆகாது, நடுவுல எல்லாமே நடக்குற தூரம்.

என் ஓட்டு ரைட் லூப்புக்கு. முதல்ல ஹாஷிபாச்சோ ஸ்டாப், இறங்கி நடந்தா ஹிகாஷி ச்சாயா, 1820ல வந்த கெய்ஷா தெரு (கெய்ஷான்னா விருந்துல ஆடிப் பாடுற கலைஞருங்க), மரச்சட்டம் போட்ட வீடுங்க வரிசையா நிக்கும். கடை திறக்குறதுக்கு முன்னாடி போங்க, தெரு காலியா இருக்கும். ஜப்பானோட தங்க இலை, அதாவது மெல்லிசா தட்டின தங்கத் தகடு, கிட்டத்தட்ட எல்லாமே இந்த ஊர்லதான் தட்டுறாங்க, அதை ஐஸ்க்ரீம் மேல ஒட்டி விப்பாங்க, ருசி ஒன்னும் இருக்காது, போட்டோவுக்கு ஓகே.

திரும்ப ஏறி கென்ரோக்குவென்ஷித்தால இறங்குங்க. இந்த ஊரை ஆண்ட மயேதா பரம்பரை தலைமுறை தலைமுறையா வளத்த கென்ரோக்குவென் தோட்டம், அவசரப்படாதீங்க, ரெண்டு மணி நேரம் குடுங்க. நவம்பர்ல இருந்து பனியில கிளை ஒடியாம இருக்க மரத்துக்கு மரம் கயித்தைக் கூம்பு மாதிரி கட்டி விடுவாங்க, எனக்கு பூ சீசனை விட அதுதான் பிடிக்கும். எதிர்ல கோட்டை. இங்கிருந்து 21ஆம் நூற்றாண்டு மியூசியத்துக்கு பஸ் வேண்டாம், தோட்டத்தோட அந்தப்பக்க வாசல்ல வெளிய வந்தாலே போதும். திங்கக்கிழமை அது லீவு.

அப்புறம் ஹிரோகோஜி ஸ்டாப், மியோர்யூஜின்னு 1643ல கட்டின கோயில், நிஞ்சா கோயில்னு சொல்லுவாங்க, நிஞ்சா யாரும் இருந்ததில்ல, மறைவு படிக்கட்டும் பொறிக்கதவும்தான். முன்கூட்டியே போன்ல புக் பண்ணாம போகாதீங்க. கோரின்போல இறங்கினா நாகமாச்சி சாமுராய் தெருவோட மண் சுவரு.

ஓமிச்சோ மார்க்கெட்ல மீன் சாப்பிடுறதுதான் உங்களுக்கு முக்கியம்னா இந்த வரிசை சரிவராது, ரைட் லூப்ல அது கடைசில வரும், சாயங்காலம் பாதி கடை மூடியிருக்கும். அப்போ காலைல லெஃப்ட் லூப் புடிங்க, இல்ல ஸ்டேஷன்ல இருந்து கால் மணி நேரம் நடந்துடுங்க.

லூப் பஸ் சாயங்காலம் ஆறு மணி வாக்குல நின்னுடும். அதுக்கப்புறம் சாதா டவுன் பஸ்தான், நாள் பாஸ் இருந்தா ஊருக்குள்ள அதுலயும் செல்லும்.