‘அங்கி’ என்ற சொல்லைப் பிழையின்றிக் கையாள்வது எப்படி?

சென்னையிலிருந்து கிளிநொச்சிக்கு வந்திருந்த உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி, என் மகளின் விஞ்ஞானப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். “நுண்ணங்கி என்றால் மெல்லிய துணியில் தைத்த உடுப்பா மாமா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவள் படித்த பள்ளியில் அதற்குப் பெயர் நுண்ணுயிரி. இலங்கைப் பாடநூல்களில் அங்கி என்றால் உயிருள்ள உடல். ஆகவே பற்றீரியா ஒரு நுண்ணங்கி. தமிழில் எழுதப் பழகுகிறவர்களுக்கு இந்தச் சொல் வசப்பட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள்

அங்கம் என்றால் உடல். உடலை மூடுவதும் அங்கி, உடலை உடையதும் அங்கி. எது என்பதை அடைமொழிதான் காட்டிக்கொடுக்கும். சட்டத்தரணியின் கறுப்பு அங்கி, மருத்துவரின் வெள்ளை அங்கி, மடு மாதா கோயில் திருவிழாவில் கத்தோலிக்கக் குருக்கள் அணியும் நீண்ட அங்கி, முல்லைத்தீவுக் கடலில் படகேறுகிறவரின் உயிர்காப்பு அங்கி ஆகியவை எல்லாம் உடை. நுண்ணங்கி, பல்கல அங்கி (பல கலங்களால், அதாவது செல்களால், ஆனது) என்று வந்தால் உயிரி. நீங்கள் எழுதும்போதும் முதல் தடவையாவது அடைமொழியைச் சேர்த்தே எழுதுங்கள்.

படி 2: எல்லா மேலுடையையும் அங்கி என்று எழுதாதீர்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. எங்கள் பக்கத்தில் சிறுமி போடுவது சட்டை. சேலைக்குப் போடுவதும் சட்டை. ஆண்கள் போடுவது சேட். இவை எதுவும் அங்கி ஆகாது. உடுத்திய உடைக்கு மேலே, ஒரு பணிக்காகவோ பாதுகாப்புக்காகவோ சடங்குக்காகவோ அணிவதே அங்கி.

என் சித்தி சில ஆண்டுகள் முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தார். அவருடைய பாதுகாப்பு அங்கியை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தேன். நெஞ்சையும் வயிற்றையும் மறைத்துத் தொடை வரை இறங்கும் கனத்த தகடு. முதுகுப்புறம் வெறும் பட்டிகள். மண்டியிட்டு மண்ணைக் கிளறுகிறவருக்கு ஆபத்து முன்னாலிருந்துதானே வரும்! சித்திரை வெயிலில் அதைக் கழற்றினால், உள்ளே போட்டிருந்த சேட்டைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. உள்ளே இருந்தது சேட், மேலே இருந்தது அங்கி. சொல்லின் எல்லை எனக்கு அன்றுதான் தெளிவாக விளங்கியது.

வீட்டில் சித்தி அதை ஜக்கெட் என்றுதான் சொல்வார். மாரி மழையில் வயலுக்குப் போகிறவரும் மழைக்கோட்டு என்பாரே தவிர மழையங்கி என்னமாட்டார். கதையில் அவர்களைப் பேசவைக்கும்போது அவர்கள் வாயில் வரும் சொல்லையே போடுங்கள். செய்தி, அறிக்கை, கட்டுரை என்றால் அங்கி பொருந்தும்.

படி 3: சரியான வினையைச் சேருங்கள்

சேலை உடுத்துவோம், சட்டை போடுவோம், அங்கி அணிவோம். ‘அங்கி உடுத்தினார்’ என்று எழுதினால் காதுக்கு உறுத்தும்.

படி 4: சேர்த்தெழுதிப் பழகுங்கள்

மேல் + அங்கி = மேலங்கி. மழை + அங்கி = மழையங்கி; ஐகாரத்தின் பின் யகரம் வந்து ஒட்டுகிறது. நுண் + அங்கி = நுண்ணங்கி; தனிக்குறிலுக்குப் பின் நிற்கும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். காப்பு + அங்கி = காப்பங்கி; ஈற்று உகரம் கெடுகிறது. ஆனால் உயிர்காப்பு அங்கி, பட்டமளிப்பு அங்கி போன்ற நீண்ட தொடர்களைப் பிரித்து எழுதுவதே வாசிக்க எளிது. அச்சிலும் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

தேவாரம் படிப்பவர்களுக்கு இன்னொரு படி

அங்கே ‘அங்கி’ எதிர்ப்பட்டால் உடையைத் தேடாதீர்கள். அது அக்கினியின் தமிழ் வடிவம், பொருள் தீ. திருமந்திரத்திலும் அப்படித்தான். வேர் வேறு, ஒலி மட்டும் ஒன்றாகிவிட்டது. சிவன் கையில் அங்கி என்றால் அவர் ஏந்தியிருப்பது நெருப்பு. நிகண்டுகளில், அதாவது பழைய செய்யுள் அகராதிகளில், தீயின் பெயர்களைத் தேடிப் பாருங்கள். அங்கி இருக்கும் அந்த வரிசையிலேயே, நம் ஊர்ப் பெயரான வன்னியும் இருக்கும்.