நெஞ்சு வலியா? முதலில் மணியைப் பாருங்கள்

சிங்கப்பூரில் அவசரப் பிரிவில் தாதியாக வேலை பார்க்கிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது, "கொஞ்ச நேரமா இருக்கும்மா." இந்தக் கொஞ்ச நேரத்தை வைத்துக்கொண்டு ரத்தப் பரிசோதனையைச் சரியாகப் படிக்க முடியாது.

அதனால் வலி வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து, மணியைக் கைபேசியில் தட்டிவிடுங்கள். அடுத்த நொடி அவசர ஆம்புலன்ஸ் எண் 995-ஐக் கூப்பிடுங்கள். வாயுவாக இருக்கும், ஓமத் தண்ணி குடித்துப் பார்க்கலாம், விடிந்ததும் பலதுறை மருந்தகத்துக்குப் போகலாம் என்ற கதையெல்லாம் வேண்டாம். 1777 அவசரமில்லாத ஆம்புலன்ஸ், அதைக் கூப்பிடாதீர்கள். டாக்சியும் வேண்டாம், ஏனென்றால் குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்ஸிலேயே இசிஜி, அதாவது இதயத்தின் மின்பதிவு, எடுத்து அந்தப் பதிவை மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். டாக்சியில் வழியில் இதயம் நின்றால் பக்கத்தில் யாரும் இல்லை. வீட்டில் இன்னொருவர் இருந்தால் புளோக்குக்குக் கீழே போய் லிஃப்டைப் பிடித்து வைக்கட்டும். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்கள் விஷயத்தில் நெஞ்சு வலியே இல்லாமல் வியர்வை, மூச்சு வாங்கல், தாடை வலி மட்டும் வரலாம், அதற்கும் இதே வழிதான்.

உள்ளே வந்ததும் இசிஜி, 10 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது கணக்கு. வியர்த்த நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டாது, துடைத்து, சிலருக்கு முடியை மழித்து ஒட்டுவோம், கூச்சப்படாதீர்கள். ரத்தக்குழாய் முழுசாக அடைத்துக்கொண்டது இசிஜியில் தெளிவாகத் தெரிந்தால் ரத்த முடிவுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள், நேராக ஆஞ்சியோ அறைதான், அடைப்பைப் பார்த்துத் திறக்கும் இடம்.

தெளிவாகத் தெரியாதவர்களுக்குத்தான் ரத்தப் பரிசோதனை பெரிய உதவி. இதயத் தசை அடிபட்டால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் முடிவு வரச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். அதே பரிசோதனையைக் கட்டிலருகே செய்யும் கருவியும் உண்டு, கொஞ்சம் தடித்த போன் மாதிரி இருக்கும். சில சொட்டு ரத்தத்தைச் சின்ன பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜில் விட்டுச் செருகினால் பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடத்தில் எண் வந்துவிடும். பழைய கருவிகளுக்கு மிகச் சிறிய அளவு பிடிபடாது, புதிதாக வருகிற நுண்ணுணர்வுக் கருவிகள் அதையும் பிடிக்கின்றன. எல்லா மருத்துவமனையிலும் இது இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், கேட்டு வற்புறுத்தவும் வேண்டாம்.

இங்கேதான் அந்த மணிக் கணக்கு வருகிறது. ட்ரோபோனின் உடனே ஏறாது, சில மணி நேரம் எடுக்கும். வலி வந்த அரை மணியில் ஓடி வந்தவருக்கு முதல் எண் சாதாரணமாகவே இருக்கலாம், அது நல்ல செய்தி என்று அர்த்தமில்லை. அதனால்தான் 1 முதல் 3 மணி நேரம் கழித்து இன்னொரு தடவை ரத்தம் எடுத்து, எண் ஏறுகிறதா என்று பார்க்கிறோம். ஒரு அங்கிள், முதல் முடிவைக் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், "அதான் நார்மல்னுட்டீங்களே!" நல்லவேளை, மகள் உட்கார வைத்தார். இரண்டாவது எண் பல மடங்கு ஏறியிருந்தது.

எண் கூடியிருந்தாலே மாரடைப்பு என்றும் இல்லை. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு எப்போதுமே கூடுதலாக இருக்கலாம். நுரையீரலில் ரத்தக்கட்டி, கடுமையான கிருமித்தொற்று, இதயத் தசை வீக்கம் இதிலெல்லாமும் ஏறும். ஹெல்த்ஹப் செயலியில் எண்ணைப் பார்த்துவிட்டு உறவுக்காரர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கலவரம் பண்ணாதீர்கள். ஒரு கருவியின் எண்ணை இன்னொரு கருவியின் எண்ணோடு ஒப்பிடவும் கூடாது, அளவுகோலே வேறு.

எங்களிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை: சிறுநீரகக் கோளாறு, ஆஸ்பிரின் ஒவ்வாமை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்து. மாத்திரை அட்டைகளையே பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். இன்னொன்று, வயாக்ரா போன்ற மாத்திரை. அதைச் சாப்பிட்டவருக்கு நெஞ்சு வலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மருந்தைக் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மகன், மருமகள் முன்னால் எந்த அப்பாவும் வாய் திறக்க மாட்டார், அதனால் நாங்கள் கேட்கும் நேரத்தில் கொஞ்சம் வெளியே நில்லுங்கள்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னால் உடனே எழுந்துவிடாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: ரெண்டாவது தடவை ரத்தம் எடுத்தாச்சா, அது தேவையில்லை என்றால் ஏன், இதய மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு மறுபடி வலித்தால், அது இரவு 3 மணியாக இருந்தாலும், மறுபடி 995.