அமெரிக்க ஒயின் லேபிளைப் படிப்பது எப்படி?

கடையில் ஒரு கலிஃபோர்னியா பாட்டிலை எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் "நாபா வேலி, கேபர்னே சாவின்யோன், 2021, ரிசர்வ்" என்று மின்னுகிறது. இதில் எதற்குச் சட்டம் காவல், எது வெறும் பந்தா?

படி 1: "ரிசர்வ்" என்ற சொல்லை மறந்துவிடுங்கள். மத்திய அரசு விதிகளில் அதற்கு வரையறையே கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

படி 2: திராட்சை வகையைப் பாருங்கள். கேபர்னே என்று எழுத அந்த வகை 75% இருந்தால் போதும். மீதி மெர்லோ போன்ற வேறு வகையாக இருந்தாலும் சொல்ல வேண்டியதில்லை. ஓரிகன் மாநிலம் கறார்: அங்கே பினோ நுவார் என்று போட 90% வேண்டும்.

படி 3: ஊரையும் ஆண்டையும் சேர்த்தே படியுங்கள். நாபா வேலி அரசு எல்லை வகுத்த திராட்சை வட்டாரம். அந்தப் பெயரைப் போட்டால் 85% திராட்சை அங்கே விளைந்திருக்க வேண்டும், 95% அந்த ஆண்டு அறுவடையாக இருக்க வேண்டும். வெறும் "கலிஃபோர்னியா" என்றால் ஆண்டுக்கு 85% போதும். (இப்படி முதன்முதலில் எல்லை வகுக்கப்பட்டது நாபாவுக்கு அல்ல, 1980இல் மிசௌரியின் அகஸ்டாவுக்கு!)

படி 4: இப்போது பாட்டிலைத் திருப்புங்கள். என் கணக்கில் உண்மையான விஷயம் இங்கேதான், அதுவும் பொடி எழுத்தில். "புரொட்யூஸ்டு அண்ட் பாட்டில்டு பை" என்றிருந்தால் குறைந்தது 75% ஒயினை அந்த நிறுவனமே புளிக்கவைத்திருக்கிறது. "செல்லர்டு" அல்லது "வின்ட்டட்" என்றிருந்தால், வேறெங்கோ தயாரான ஒயினை வாங்கிப் பதப்படுத்தி அடைத்ததாகவும் இருக்கலாம். "எஸ்டேட் பாட்டில்டு" என்பதுதான் கடினமான பரீட்சை: திராட்சைத் தோட்டமும் ஒயின் ஆலையும் ஒரே வட்டாரத்தில், தோட்டம் ஆலையின் கட்டுப்பாட்டில், நசுக்குவது முதல் அடைப்பது வரை எல்லாம் அங்கேயே.

படி 5: ஆல்கஹால் அளவை அப்படியே நம்ப வேண்டாம். 14% வரையுள்ள ஒயினில் 1.5 முன்பின் இருக்கலாம். 12.5 என்று போட்டிருந்தால் உள்ளே 11ஆக இருக்கலாம், 14ஆகவும் இருக்கலாம்.

படி 6: சல்ஃபைட் (ஒயின் கெடாமல் காக்கும் கந்தகச் சேர்மம்) அறிவிப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பத்து லட்சத்தில் 10 பங்கு இருந்தாலே எழுதியாக வேண்டும். அநேகமாக எல்லா பாட்டிலிலும் இருக்கும்.

அப்புறம், மாநிலம் தாண்டி விற்கும் ஒயினின் லேபிளுக்கு டிடிபி என்ற மத்திய அலுவலகம் முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். அந்தப் பதிவேடு அவர்களுடைய இணையதளத்தில் இருக்கிறது. பிராண்டு பெயரைப் போட்டுத் தேடினால் லேபிளின் படமே கிடைக்கும்.